ஒரே வாட், வேறு வேறு வெளிச்சம்: ரிஃப்ளெக்டர் பல்புகள் ஒளியைத் திருப்பும் விதம்

கேள்வி இது: "ஃபோகஸ் லைட் வாங்கப் போனால் பார் 30, பார் 38, எம்ஆர் 16, ஏஆர் 111, ஆர் 63 என்று ஏகப்பட்டதை எடுத்துக் காட்டுகிறார்கள். ஒரே வாட்தான், ஆனால் ஒன்று சுவரில் சின்ன வட்டமாக அடிக்கிறது, இன்னொன்று அறை முழுக்கப் பரவுகிறது. இவற்றுக்குள் என்ன வித்தியாசம்? எதை எங்கே போடுவது?"

பல்பு எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பதைத்தான் வாட் சொல்லும். வெளிச்சம் எங்கே போய் விழும் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அதைத் தீர்மானிப்பவை மூன்று: ஒளி பிறக்கும் இடம் எவ்வளவு சிறியது, அதைச் சூழ்ந்து ஒளியைத் திருப்பும் கிண்ணம் (ரிஃப்ளெக்டர்) எவ்வளவு பெரியது, எந்த வடிவம், முன்கண்ணாடி வழுவழுப்பானதா, மேடுபள்ளம் உள்ளதா. இவை மூன்றும் சேர்ந்து பெட்டியில் இரண்டு எண்களாக வந்து நிற்கும்: பீம் ஆங்கிள் (கற்றை விரியும் கோணம்) எத்தனை டிகிரி, உச்ச ஒளிச்செறிவு எத்தனை கேண்டெலா. ரிஃப்ளெக்டர் பல்பை வாங்க வேண்டியது இந்த இரண்டையும் பார்த்துத்தான்.

அடிப்படை, பள்ளியில் படித்த பரவளையம். அதன் குவியத்தில் ஒரு புள்ளியிலிருந்து ஒளி கிளம்பினால், கிண்ணத்தில் பட்டுத் திரும்பும் கதிர்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாக வெளியே போகும். நிஜ பல்பில் புள்ளி கிடையாது. டங்ஸ்டன் இழைக்கு நீளம் உண்டு, எல்இடி சில்லுக்கு அகலம் உண்டு. இழையின் நடுப்பகுதியைக் குவியத்தில் வைத்தாலும் அதன் இரு முனைகள் குவியத்துக்கு வெளியேதான் நிற்கும். அங்கிருந்து கிளம்புகிற கதிர்கள் சாய்ந்தே வெளியேறும். அந்தச் சாய்வுதான் கற்றையின் விரிவு. ஒளிமூலத்தின் அளவைக் குவியத் தொலைவால் வகுத்து, 57-ஆல் பெருக்கினால் விரிவு தோராயமாக டிகிரியில் கிடைத்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாய் விட்டம் 110 மி.மீ., ஆழம் 40 மி.மீ. உள்ள கிண்ணம், கிட்டத்தட்ட பார் 38 பல்பின் அளவு. குவியத் தொலைவு என்பது விட்டத்தின் வர்க்கத்தை 16 மடங்கு ஆழத்தால் வகுத்தால் வருவது: 12,100 ÷ 640, அதாவது சுமார் 19 மி.மீ. இதில் 4 மி.மீ. நீள இழையை வைத்தால் விரிவு 12 டிகிரி. 9 மி.மீ. இழை என்றால் 27 டிகிரி. அதே 4 மி.மீ. இழையைப் பாதி அளவுக் கிண்ணத்துக்குள் வைத்தால் 24 டிகிரி ஆகிவிடும். பெரிய கிண்ணம், சிறிய மூலம் இருந்தால்தான் குறுகிய கற்றை. சின்ன பல்புக்குள் இருந்துகொண்டு 5 டிகிரிக் கற்றையும் நிறைய ஒளியும் இரண்டுமே தருவேன் என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

12 வோல்ட் ஹாலஜன் பல்புகள் அருங்காட்சியகங்களிலும் நகைக்கடைகளிலும் இத்தனை காலம் நிலைத்து நின்றதற்கும் இதுவே காரணம். 50 வாட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் 4.2 ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தடித்த, குட்டையான இழை போதும். சுருள் 3–4 மி.மீ.க்குள் முடிந்துவிடும். அதே 50 வாட்டை 230 வோல்ட்டில் எரிக்க 0.22 ஆம்பியர்தான். அதற்கு மெல்லிய, நீளமான இழை வேண்டும். அதை மடித்து மடித்துத்தான் குப்பிக்குள் அடைக்க முடியும். மூலம் பெரிதாகிறது, கற்றையின் ஓரம் குழம்பிவிடுகிறது. வாட் ஒன்றாக இருந்தும் 12 வோல்ட் பல்பு கூர்மையாகவும் 230 வோல்ட் பல்பு மங்கலாகவும் தெரிவது இதனால்தான்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. கிண்ணத்தில் படாமலே வாய் வழியாக நேரே வெளியேறும் ஒளியை ரிஃப்ளெக்டர் எதுவும் செய்ய முடியாது. மேலே சொன்ன 110 மி.மீ. கிண்ணத்தில் விளிம்பு, குவியத்துக்கு 21 மி.மீ. முன்னால் இருக்கிறது. கணக்குப் பார்த்தால் எல்லாப் பக்கமும் சமமாக ஒளி விடும் மூலத்திலிருந்து கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கண்ணாடிப்பூச்சைத் தொடாமலே போய்விடும். நடுவில் பளிச்சென்று வட்டமும் அதைச் சுற்றி அகலமான மங்கல் வெளிச்சமும் தெரிகிறதே, அந்த மங்கல் இந்த மூன்றில் ஒரு பங்குதான். உட்கார்ந்திருப்பவரின் கண்ணைக் கூச வைப்பதும் அதுதான்.

நீள்வட்டக் கிண்ணத்தின் வேலை வேறு. அதற்கு இரண்டு குவியங்கள். ஒன்றில் மூலத்தை வைத்தால் ஒளி எல்லாம் மற்றொன்றில் வந்து கூடி, அங்கிருந்து விரியும். இரண்டாவது குவியம் பல்பின் முகத்துக்குச் சில செ.மீ. முன்னால் விழுமாறு செய்த ஈஆர் வகைப் பல்புகள், உள்ளே ஆழமாகப் புதைத்த டவுன் லைட்டுகளுக்காக வந்தவை. குறுகலான ஓட்டை வழியே கற்றை கூடி வெளியே வந்துவிடுவதால் குழாயின் கறுப்புச் சுவரில் ஒளி வீணாவதில்லை. பழைய ஸ்லைடு, ஃபிலிம் புரொஜெக்டர் பல்புகளிலும் இந்த வடிவம்தான்.

இனி வகைகள். முதலில் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் தீரும். பார், எம்ஆர், பிஆர் ஆகியவற்றின் பின்னால் வரும் எண் முகத்தின் விட்டம், ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு அளவில். பார் 38 என்றால் 38/8, அதாவது 4¾ அங்குலம், 121 மி.மீ. பார் 30 என்றால் 95 மி.மீ. பார் 20 என்றால் 63.5 மி.மீ. எம்ஆர் 16 என்றால் சரியாக 2 அங்குலம். மேடைகளில் பார்க்கும் பார் 64 எட்டு அங்குலம். ஐரோப்பிய வழக்கில் ஆர் 50, ஆர் 63, ஆர் 80 என்பவை நேரடியாக மில்லிமீட்டர். ஏஆர் 111-உம் அப்படியே. ஆகவே ஆர் 63-உம் பார் 20-உம் முகத்தளவில் ஒன்றுதான், ஆனால் ஒளியில் ஒன்றல்ல.

ஆர் வகை எளிமையானது: ஊதிச் செய்த மெல்லிய கண்ணாடிக் குடுவை, கழுத்துப் பக்க உட்புறத்தில் அலுமினியப் பூச்சு, முகப்பில் பால்வெள்ளை மங்கல். ஊதிச் செய்வதால் வளைவின் துல்லியம் சுமார்தான். மங்கல் முகப்பு இருக்கிற கூர்மையையும் கரைத்துவிடும். கற்றை அகலமாக, ஓரம் தெரியாமல் இருக்கும். கூடத்தின் பொது வெளிச்சத்துக்கு இது நல்லது. சிலைக்கோ ஓவியத்துக்கோ உதவாது. இழை பல்பாக இருந்தால் மழைத்துளி பட்டவுடன் கண்ணாடி விரிசல் விடும்; கூரைக்கு வெளியே போடவே கூடாது. பிஆர் என்பது இதன் மாற்றம்: கழுத்தருகே புடைப்பாகச் செய்து, கழுத்துக்குள் சிக்கி வீணாகும் ஒளியையும் முன்னே தள்ளுகிறார்கள். அமெரிக்கப் பட்டியல்களில் பிஆர் எண்கள் நிரம்பி வழிவதற்கு ஒளியியல் மட்டும் காரணமில்லை. 1992-இல் அங்கே வந்த எரிசக்திக் கொள்கைச் சட்டம் ஆர், பார் பல்புகளுக்குச் சிக்கன வரம்பு போட்டது. பிஆர், ஈஆர் வகைகளை விட்டுவிட்டது. சந்தை அந்தப் பக்கம் சாய்ந்தது.

ஆர் குடும்பத்தில் இன்னும் எரிந்துகொண்டிருக்கும் இழை பல்பு, 250 வாட் அகச்சிவப்பு விளக்கு, 125 மி.மீ. முகம். நாமக்கல் பக்கக் கோழிப்பண்ணைகளிலும் பிசியோதெரபி அறைகளிலும் பார்க்கலாம். இதில் கிண்ணம் திருப்புவது பெரும்பாலும் வெப்பத்தை. முதல் வாரக் குஞ்சுகளுக்கு விளக்கடியில் 33–35 டிகிரி செல்சியஸ் தேவை, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி போலக் குறைக்க வேண்டும். வாட்டை மாற்றாமல் உயரத்தை ஏற்றியே இதைச் செய்கிறார்கள். தரையிலிருந்து 45 செ.மீ.க்குக் குறையாமல் இரும்புச் சங்கிலியில் தொங்கவிடுங்கள். ஒயரில் தொங்கவிட்டால் உமிப் படுக்கைமேல் விழுந்து தீப்பிடிக்கும். தண்ணீர் தெறிக்கும் இடமென்றால் கடினக் கண்ணாடி என்று கேட்டு வாங்குங்கள்.

பார் வகையின் சிறப்பே அதன் கட்டுமானம். அழுத்தி வார்த்த தடித்த போரோசிலிகேட் கண்ணாடி இரண்டு துண்டு: பின்னால் அலுமினியம் பூசிய பரவளையம், முன்னால் லென்ஸ். இரண்டையும் உருக்கி ஒட்டியிருப்பார்கள். வார்ப்பில் செய்வதால் வளைவு துல்லியம், இழையை மில்லிமீட்டர் பிசகாமல் குவியத்தில் நிறுத்தலாம், மழையும் தாங்கும். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1930-களில் இதை உருவாக்கியது. 1940 முதல் அமெரிக்கக் கார்களின் முகப்பு விளக்காக வந்த 7 அங்குல சீல்டு பீமும் இதே கட்டுமானம்தான். ஒரே கிண்ணம், ஒரே இழை என்றாலும் முன்கண்ணாடியை மாற்றி ஐந்து விதமான பல்பு செய்துவிடலாம். வழுவழுப்பான கண்ணாடி என்றால் ஸ்பாட், நுண்ணிய புள்ளி மேடுகள் என்றால் ஃப்ளட், நீள்பட்டை மேடுகள் என்றால் ஒரு பக்கம் மட்டும் விரிந்த நீள்வட்டக் கற்றை. பெட்டியில் எஸ்பி என்றால் 8–15 டிகிரி, என்எஃப்எல் என்றால் 20–30, எஃப்எல் என்றால் 35–40, டபிள்யூஎஃப்எல் என்றால் 50–60 என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; எழுத்தை விட்டுவிட்டு டிகிரியைப் பாருங்கள்.

பார் 30 வாங்கும்போது குட்டைக் கழுத்தா, நீளக் கழுத்தா என்று கேட்க மறக்காதீர்கள். நீளத்தில் சுமார் 2.5 செ.மீ. வித்தியாசம். நீளக் கழுத்துக்குச் செய்த டப்பாவில் குட்டையைப் போட்டால் பல்பு உள்ளே போய் ஒதுங்கும். கற்றையின் ஓரம் டப்பா விளிம்பில் வெட்டுப்படும். பீம் ஆங்கிள் 40 என்று வாங்கி 25-க்குத்தான் வெளிச்சம் வருகிறது என்பார்கள். பல்பில் குறை இருக்காது.

மேடை விளக்கில் வேலை செய்பவர்களுக்கு பார் 64 தெரியும். 1000 வாட், 8 அங்குலம், கரும்பூச்சு டப்பாவுக்குள் அடக்கம். இழை குச்சி போல நீளமாக இருப்பதால் சுவரில் விழுவது நீள்வட்டம். கற்றையின் அகலத்தைப் பல்பின் குறியீடு சொல்லும்: சிபி 60 மிகக் குறுகல், சிபி 61 குறுகல், சிபி 62 நடுத்தரம். சிபி 62-இல் ஒரு திசையில் 11 டிகிரி என்றால் மறு திசையில் 24 டிகிரி வரை விரியும். நீள்வட்டத்தை நிமிர்த்தவோ படுக்க வைக்கவோ டப்பாவைத் திருப்பத் தேவையில்லை. பின்னாலுள்ள பீங்கான் ஹோல்டரைப் பிடித்துத் திருப்பினால் பல்பு உள்ளேயே சுழலும். நடனமணி நடந்து வரும் பாதைக்கு நீளவாக்கு, பின்திரைக்குப் படுக்கைவாக்கு.

எம்ஆர் 16 ஸ்லைடு புரொஜெக்டரிலிருந்து வீட்டுக்கு வந்த பல்பு. இரண்டு அங்குலக் கிண்ணத்தின் உட்புறம் வழுவழுப்பாக இருக்காது. சின்னச் சின்னப் பட்டைகளாக வெட்டியது போல இருக்கும். ஒவ்வொரு பட்டையும் இழையின் பிம்பத்தைச் சற்றே வேறு இடத்தில் போடுவதால் பிம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று கலந்து சுருளின் கோடுகள் மறையும், வட்டம் சீராகும். அடுத்தது டைக்ரோயிக் பூச்சு. கண்ணுக்குத் தெரியும் ஒளியை முன்னே திருப்பிவிட்டு அகச்சிவப்பைப் பின்னால் கசிய விடும் மெல்லிய அடுக்குகள் இவை. வெப்பத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பின்புறம் போய்விடும். இனிப்புக் கடைக்கும் பட்டுப் புடவைக்கும் இது வரம். ஃபால்ஸ் சீலிங்குக்கு எமன். அந்த வெப்பம் போய்ச் சேருவது ஒயரும் ஹோல்டரும் இருக்கும் இடத்துக்கு. சாதாரண பிவிசி ஒயர் மொடமொடவென்று ஆகி உடையும், ஹோல்டர் கருகும். இதற்காகவே நேரடியாக 230 வோல்ட்டில் எரியும் பல்புகளில் இரண்டு அடிப்பாகம் வைத்தார்கள். ஜியு 10-க்கு அடிவிளிம்பு சரிவாக வெட்டியிருக்கும், ஜிஇசட் 10-க்கு நேராக இருக்கும். பின்னால் வெப்பம் விடும் டைக்ரோயிக் பல்பை ஜியு 10 ஹோல்டர் ஏற்காது. நுழையவில்லை என்று விளிம்பைத் தேய்த்து மாட்டுவது தீயைக் கூப்பிடுவதற்குச் சமம். 12 வோல்ட் எம்ஆர் 16-க்கு ஜியு 5.3 என்ற இரண்டு ஊசி பின், பின்களுக்கிடையே 5.3 மி.மீ.

ஏஆர் 111-தான் இந்தக் குடும்பத்திலேயே ஒழுங்கானது. 111 மி.மீ. அகன்ற அலுமினியக் கிண்ணம், நடுவில் 12 வோல்ட் சிறிய இழை, இழைக்கு முன்னால் ஒரு சிறு உலோகக் குல்லா. முன்பு சொன்ன நேரடி ஒளியை அந்தக் குல்லா தடுத்துவிடுகிறது. வெளியே வருவது அநேகமாக எல்லாம் கிண்ணத்தில் பட்டுத் திரும்பிய ஒளி. அதனால் 4 டிகிரி, 8 டிகிரி போன்ற கற்றைகள் சாத்தியம், கீழே நிற்பவருக்குக் கண் கூசாது. உயரமான கூரையிலிருந்து ஒரு சிலையை மட்டும் எடுத்துக் காட்ட இதைவிடப் பொருத்தமானது குறைவு.

இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் எல்இடிதான். பெயரும் முகத்தளவும் அடிப்பாகமும் பழையவை. உள்ளே வேலை செய்யும் ஒளியியல் வேறு. எல்இடி முன்பக்கம் மட்டுமே ஒளி விடும். கிண்ணத்தின் அடியில் ஒரு சிஓபி சில்லை (பல நுண் சில்லுகளை ஒரே தட்டில் நெருக்கி ஒட்டியது) முன்னோக்கி வைத்தால் அதன் ஒளியில் பெரும்பகுதி கிண்ணத்தைத் தொடாமலே வெளியேறிவிடும். வாயின் அரைக்கோணம் 45 டிகிரி என்றால் பாதி ஒளி கட்டுப்பாடில்லாமல் போகும். ஆழமான கிண்ணம் வைத்து 35 டிகிரிக்குக் குறைத்தாலும் மூன்றில் ஒரு பங்கு போகும். இதைச் சரிசெய்யத்தான் டிஐஆர் லென்ஸ் வந்தது. குமிழ் போன்ற தெளிந்த அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட் துண்டு. நடுவில் சின்ன லென்ஸ், பக்கச் சுவர்களில் முழு அக எதிரொளிப்பு. அக்ரிலிக்கின் மாறுநிலைக் கோணம் 42 டிகிரி. அதைவிடச் சாய்ந்து உட்சுவரில் படும் கதிர், பூச்சே இல்லாமல் முழுதாகத் திரும்பிவிடும். நேரடி ஒளியை நடு லென்ஸ் பிடித்துக்கொள்கிறது, பக்க ஒளியைச் சுவர் பிடித்துக்கொள்கிறது. ஒரே சில்லு, ஒரே டிஐஆர் லென்ஸ் உள்ள எம்ஆர் 16-ஐயும் நாலு சில்லு, நாலு குட்டி லென்ஸ் உள்ளதையும் அருகருகே எரித்துப் பாருங்கள். லென்ஸ் நாலாகப் பிரிந்தால் ஒவ்வொன்றும் சிறிதாகிறது, கற்றை அகலமாகிறது. கூடவே ஒரு பொருளுக்கு நாலு நிழல் விழும். தோடு, மோதிரம் வைக்கும் இடத்தில் இது பெரிய குறை. வைரம் மின்னுவது சின்ன, தனித்த மூலத்தால்தான். பரந்த பேனல் லைட்டுக்குக் கீழே அதே கல் செத்துக் கிடக்கும்.

கிண்ணத்தின் பூச்சைப் பற்றியும் சுருக்கமாக. புதிதாக ஆவிப்படிவு செய்த அலுமினியம் 87–90 சதவீதம் ஒளியைத் திருப்பும். வெள்ளி 95-க்கு மேல், ஆனால் காற்றுப்பட்டால் கறுக்கும். நல்ல டைக்ரோயிக் பூச்சும் 95-க்கு மேல். வெள்ளை பெயிண்டும் 80-க்கு மேல் திருப்பத்தான் செய்யும், ஆனால் எல்லாத் திசையிலும் சிதறும். 'ரிஃப்ளெக்டர்' என்று சொல்லி வெள்ளைக் கிண்ணம் வைத்து விற்பதை ஸ்பாட் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள்.

எண்களுக்கு வருவோம். பீம் ஆங்கிள் என்பது, நடுவிலுள்ள செறிவு பாதியாகக் குறையும் இடம் வரையுள்ள முழுக் கோணம். அந்தக் கோணத்துக்கு வெளியே இருட்டு என்று அர்த்தமில்லை; பத்தில் ஒரு பங்காகக் குறையும் ஃபீல்டு ஆங்கிள் இன்னும் அகலமாக இருக்கும். விழும் வட்டத்தின் விட்டம் 2 × தூரம் × டான்(அரைக்கோணம்). இரண்டு மீட்டரில் 10 டிகிரி 35 செ.மீ. வட்டம், 24 டிகிரி 85 செ.மீ., 36 டிகிரி 1.3 மீட்டர், 60 டிகிரி 2.3 மீட்டர். ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவான லக்ஸ் வேண்டுமென்றால் கேண்டெலாவைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும்.

லூமன் என்பது பல்பு தரும் மொத்த ஒளி. 500 லூமன் பல்பு ஒன்று, அதில் பாதி ஒளி கற்றைக்குள் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 36 டிகிரிக்குள் சராசரியாக சுமார் 800 கேண்டெலா. 24 டிகிரி என்றால் 1,800. 10 டிகிரி என்றால் 10,000. இரண்டு மீட்டரில் முறையே 200, 450, 2,600 லக்ஸ். லூமன் ஒன்று, வாட் ஒன்று, மின் கட்டணம் ஒன்று. சிலை மேல் விழுவது பதின்மூன்று மடங்கு வரை மாறுகிறது. 'வெளிச்சம் பத்தவில்லை, வாட்டைக் கூட்டுங்கள்' என்று எலக்ட்ரீஷியன் சொன்னால், முதலில் கோணத்தைக் குறைத்துப் பாருங்கள்.

பெட்டியிலுள்ள லூமன் எண்ணையும் சற்று எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். 2012-இல் வந்த ஐரோப்பிய விதி, திசை விளக்குகளுக்குப் பொதுவாக 90 டிகிரிக் கூம்புக்குள் விழும் ஒளியை மட்டுமே பயன்படும் லூமனாகக் கணக்கிடச் சொன்னது. எல்லாப் பெட்டியும் அப்படி எழுதுவதில்லை. சில, லென்ஸுக்கு முன் சில்லு தரும் லூமனையே எழுதிவிடும். கேண்டெலா எண் கொடுத்திருந்தால் அதை நம்புங்கள். கொடுக்காத பல்பை ஃபோகஸ் வேலைக்கு வாங்காதீர்கள்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுவிடுகிறேன். சுவரில் இரண்டடி அகலத் தஞ்சாவூர் ஓவியம், தங்க ரேக்கு ஒட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டது. ஃபால்ஸ் சீலிங் 9 அடியில், ஓவியத்தின் மையம் 5 அடியில். செங்குத்துக்கு 30 டிகிரி சாய்வில் ஒளி விழ வேண்டும். உயர வித்தியாசம் 4 அடி, அதை 0.58-ஆல் பெருக்கினால் 2.3 அடி. விளக்கு, சுவரிலிருந்து அவ்வளவு தள்ளி இருக்க வேண்டும். கற்றை கடக்கும் தூரம் 1.4 மீட்டர். 24 டிகிரி பல்பு அங்கே 60 செ.மீ. அகலம் தரும்; சுவரில் சாய்ந்து விழுவதால் உயரம் அதைப் போல் இரு மடங்குக்கும் சற்றுக் கூடவே நீளும். ஓவியத்தின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும்; மூலைகளிலும் சட்டத்திலும் கற்றையின் மங்கலான ஓரம் விழும். விளக்கை இன்னும் தள்ளி, 45 டிகிரியில் வைத்தால் என்ன ஆகும்? கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி பார்ப்பவர் கண்ணை நோக்கி நகர்ந்து வரும், தங்க ரேக்கு வெள்ளையாக வெளுத்துத் தெரியும். 30 டிகிரியில் அந்த மினுக்கம் தரையை நோக்கிப் போய்விடும். மிக அருகில், 15 டிகிரியில் வைத்தால் சட்டத்தின் மேல்விளிம்பு ஓவியத்தின் மேல் நிழல் போடும். ஒட்டுவேலையின் ஒவ்வொரு மேடும் நீண்ட நிழலோடு முரடாகத் தெரியும். துணி, காகிதம், நீர்வண்ணம் போன்றவற்றுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸுக்கு மேல் போவதில்லை, எண்ணெய் ஓவியத்துக்கு 200. வீட்டிலும் பழைய புகைப்படத்தின் மேல் 10 டிகிரி ஸ்பாட் அடிக்காதீர்கள், நிறம் போய்விடும்.

இனி, அடிக்கடி கெட்டுப்போகும் இடங்கள். முதலாவது, பழைய 12 வோல்ட் ஹாலஜனுக்குப் போட்ட எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மரிலேயே எல்இடி எம்ஆர் 16-ஐ மாட்டுவது. டிரான்ஸ்ஃபார்மரில் 20–60 வாட் என்று எழுதியிருந்தால், 20 வாட்டுக்குக் குறைவான சுமையில் அது ஒழுங்காக இயங்காது. 5 வாட் எல்இடி மினுக்கும், அல்லது எரிந்து அணைந்து எரியும். பல்பை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், குறை தீராது. 12 வோல்ட் டிசி எல்இடி டிரைவர் ஒன்றைப் போட்டால் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, வெப்பம். எல்இடி பல்பு முன்னால் சூடு விடாது. எல்லாம் பின்புறத் துடுப்புகள் வழியாகத்தான் போக வேண்டும். மூடிய டப்பாவிலோ பஞ்சு காப்புக்கு நடுவிலோ பார் 38-ஐப் புதைத்தால் உள்ளிருக்கும் மின்தேக்கி சூடேறும். 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதி என்பது எலக்ட்ரானிக்ஸ் கணக்கு. '25,000 மணி நேரம்' என்று எழுதியது ஒரே வருடத்தில் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மூடிய டப்பா என்றால் அதற்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் பல்பாகத் தேடுங்கள், அல்லது டப்பாவில் காற்றுக்கு வழி விடுங்கள்.

மூன்றாவது, ஹாலஜன் கேப்ஸ்யூலை வெறும் கையால் தொடுவது. விரலின் உப்பும் எண்ணெயும் சூட்டில் குவார்ட்ஸோடு வினைபுரிந்து அந்த இடம் வெளுத்து, புடைத்து, வெடிக்கும். காகிதத்தால் பிடித்து மாட்டுங்கள். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்ட பிறகே போடுங்கள்.

நான்காவது, சாலையில் உயிரோடு சம்பந்தப்பட்டது. ஒரே பல்பில் இரண்டு இழைகள் உள்ள எச்4 ஹாலஜன் முகப்பு விளக்கில் ஹை பீம் இழை குவியத்தில் இருக்கும். லோ பீம் இழை குவியத்துக்கு முன்னால், அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணத்தோடு இருக்கும். அந்தக் கிண்ணம் கீழ்ப்பக்க ஒளியைத் தடுப்பதால் ரிஃப்ளெக்டரின் மேல்பாதி மட்டும் வேலை செய்து, ஒளியைக் கீழ்நோக்கி அனுப்பும். இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டில் வெட்டுக்கோடு இடதுபுறம் 15 டிகிரி மேலேறி, சாலையோரத்தைக் காட்டும். இந்த ரிஃப்ளெக்டருக்குள், தடித்த தகட்டின் இரு பக்கமும் சில்லு ஒட்டிய மலிவான எல்இடியைச் செருகினால் மூலம் இழை இருந்த இடத்தில் நிற்காது. குவியத் தொலைவு 22 மி.மீ. என்றால் 2 மி.மீ. இடப்பிசகு 5 டிகிரிச் சாய்வு. 50 மீட்டர் தொலைவில் அது 4 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடும். எதிரே வருபவரின் கண்ணில் நேராகப் படும். விளக்கைக் கீழே இறக்கி வைத்தாலும் தீராது, வெட்டுக்கோடே கலைந்துவிட்டது. எல்இடி வேண்டுமென்றால் எல்இடிக்கென்றே செய்த முழு முகப்பு விளக்கை மாற்ற வேண்டும்.

வாங்கும்போது கடையிலேயே சோதித்துவிடுங்கள். வெறும் வெள்ளைச் சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி எரியவிட்டு வட்டத்தின் விட்டத்தை அளந்து, மேலே சொன்ன அளவுகளோடு ஒப்பிடுங்கள். வட்டத்துக்குள் வளையம் வளையமாகத் தெரிந்தால் லென்ஸ் சரியில்லை. நடுவில் வெள்ளை, ஓரத்தில் மஞ்சள் என்றால் சில்லின் நிறம் கோணத்துக்குக் கோணம் மாறுகிறது. வெள்ளைச் சுவரில் அது தினமும் உறுத்தும். ஒரு பேனாவைச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் நீட்டி எத்தனை நிழல் விழுகிறது என்று எண்ணுங்கள். பக்கவாட்டில் நின்று பல்பைப் பார்த்து, எந்தக் கோணம் வரை கண் கூசுகிறது என்றும் கவனியுங்கள். எல்லாம் சரியென்றால், ஓர் அறைக்குத் தேவையானதோடு இரண்டு கூடுதலாக, பெட்டியில் ஒரே தொகுதி எண் உள்ளவையாக வாங்கி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒன்று போனால், அதே நிறத்தில் இன்னொன்று கடையில் கிடைப்பது அரிது.